குடிபோதையில் வாகனம் ஓட்டித் தண்டனை பெற்றால் வேலை என்ன ஆகும்? படிப்படியான முழு வழிகாட்டி

வாகனச் சோதனையில் நிறுத்தி ஊதச் சொன்ன கருவியில் எண் 30-ஐத் தாண்டிவிட்டால், அந்த இரவில் எவருக்கும் தோன்றும் கவலைகள் இரண்டுதான்: வண்டி எப்போது கைக்கு வரும், ஃபைன் எவ்வளவு. வேலையைப் பற்றிய கவலை மிகவும் தாமதமாகவே வருகிறது. ஆர்.டி.ஓ. அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வரும்போதோ, புதிய நிறுவனத்தின் படிவத்தில் ‘குற்ற வழக்கில் தண்டிக்கப்பட்டுள்ளீர்களா?’ என்ற கட்டத்தை நிரப்ப வேண்டியிருக்கும்போதோதான் அது உறைக்கிறது. அதற்குள் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, பணத்தைக் கட்டி, ரசீதையும் தொலைத்திருப்பார்கள்.

இந்த வழிகாட்டி இந்தியச் சட்டத்தையும், மாநில விதிகள் வரும் இடங்களில் தமிழ்நாட்டு நடைமுறையையும் அடிப்படையாகக் கொண்டது. விபத்தோ காயமோ இல்லாமல், முதல் முறையாக நேர்ந்த ஒரு வழக்கு நேரடியாக வேலையைப் பறிப்பது பெரும்பாலும் ஓட்டுநர்களுக்கு மட்டுமே என்பது என் கணிப்பு. மற்றவர்களுக்கு ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது: வழக்கை மறைப்பதில், உரிமம் செல்லாத காலத்திலும் வண்டி ஓட்டுவதில், கிடைத்த மெமோவுக்குப் பதில் எழுதாமல் விடுவதில். எனவே கீழுள்ள படிகளில் சிலவற்றில் அதிக நேரம் நிற்கப் போகிறோம்.

படி 1: உங்கள் பெயரில் என்ன பதிவாகியிருக்கிறது என்பதைத் துல்லியமாகத் தெரிந்துகொள்ளுங்கள்

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவின்படி, 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருக்கும் நிலையில் வாகனம் ஓட்டுவதும், ஓட்ட முயல்வதும் குற்றம். முதல் குற்றத்துக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். இரண்டாவது முறையும் அதற்கு மேலும் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 2019 திருத்தத்தால் உயர்த்தப்பட்ட இந்தத் தொகைகள் தமிழ்நாட்டில் 2022 அக்டோபரிலிருந்து வசூலிக்கப்படுகின்றன.

ஹெல்மெட் அணியாததற்கும் சிக்னலை மீறியதற்கும் போடப்படும் சலானைப் போல இதையும் பணம் கட்டினால் தீர்ந்துவிடும் ஒன்றாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. அந்தச் சலான்களை அதிகாரியிடமே பணம் கட்டிச் சமரசமாக முடித்துக்கொள்ளச் சட்டத்தின் 200-ஆம் பிரிவு இடம் தருகிறது. 185 அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே, இந்த வழக்கு நீதிமன்றத்துக்குச் செல்கிறது. அங்கே விதிக்கப்படும் அபராதம் ஒரு குற்றத் தீர்ப்பின் பகுதி. சிறைக்குப் போகவில்லை என்பதால் ‘தண்டனை பெறவில்லை’ என்று எழுதினால் அது பொய்த் தகவலாகிவிடும்.

நீதிமன்றத்தில் நகல் மனு போட்டுத் தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்கிவிடுங்கள். அதில் நான்கு விவரங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது, எந்தெந்தப் பிரிவுகள் என்பது. தனியாக 185 மட்டும் இருப்பதும், அதனுடன், பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 281 (அஜாக்கிரதையாக ஓட்டுதல்), 125 (பிறர் உயிருக்கு ஆபத்து விளைவித்தல், காயம்), 106 (அலட்சியத்தால் மரணம்) ஆகியவற்றில் ஒன்று சேர்ந்திருப்பதும் வேலை கொடுப்பவர் பார்வையில் முற்றிலும் வேறானவை. இரண்டாவது, நீங்கள் ஒப்புக்கொண்டதாகப் பதிவாகியுள்ளதா, விசாரணை நடந்து தீர்ப்பானதா என்பது. மூன்றாவது, தண்டனை. நான்காவது, உரிமம் பற்றிய உத்தரவு. தண்டனை பெற்ற பலருக்குத் தங்கள் தீர்ப்பில் என்ன எழுதியிருக்கிறது என்பதே தெரியாது. ஆனால், பின்னணிச் சரிபார்ப்புச் செய்யும் நிறுவனம் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடி அதைத் தெரிந்துகொள்ள முடியும்.

படி 2: ‘ஒத்துக்கொண்டு ஃபைன் கட்டிவிடுங்கள்’ என்ற அறிவுரையை ஏற்பதற்கு முன் யோசியுங்கள்

நீதிமன்ற வளாகத்தில் இந்த அறிவுரை இலவசமாகக் கிடைக்கும். பல வழக்குகளில் அது சரியான அறிவுரையாகவும் இருக்கலாம்; கருவி காட்டிய அளவு தெளிவாக இருந்து, நடைமுறையில் குறை ஏதும் இல்லையென்றால், வழக்கை ஆண்டுக்கணக்கில் இழுப்பதால் பலன் இல்லை. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது ‘நிலுவையில் உள்ள வழக்கு’ என்று எழுத நேர்வதும் ஒரு சுமைதான். பாஸ்போர்ட் விஷயத்தில் அது முடிந்துபோன அபராதத்தைவிடப் பெரிய தடையாகக்கூட ஆகலாம்.

ஆனால், ஒப்புக்கொள்வதன் சட்ட விளைவு என்ன என்பதைத் தெரிந்துகொண்டு ஒப்புக்கொள்ள வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 416-ஆம் பிரிவின்படி, மாஜிஸ்திரேட் முன் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றவர், தண்டனையின் அளவு, அதன் சட்டப்பூர்வத் தன்மை ஆகியவற்றைப் பற்றி மட்டுமே மேல்முறையீடு செய்யலாம். ‘நான் குற்றமே செய்யவில்லை’ என்று பின்னர் வாதிட வழியில்லை. ஒப்புக்கொள்ளாமல் விசாரணைக்குப் பின் தண்டனை பெற்றவருக்கோ செஷன்ஸ் நீதிமன்றத்தில் 30 நாளுக்குள் முழு மேல்முறையீடு உண்டு. அரசு வேலையில் இருப்பவரும், ஓட்டுநர் உரிமத்தை நம்பிப் பிழைப்பவரும், வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பித்திருப்பவரும் இந்த ஒரு வித்தியாசத்துக்காகவே ஒரு வழக்கறிஞரிடம் அரை மணி நேரம் பேசிவிட்டு நீதிமன்றத்துக்குள் செல்வது நல்லது.

அந்த அரை மணி நேரத்தில் கேட்க வேண்டியவை: கருவியின் அச்சுச் சீட்டில் பெயர், நேரம், அளவு ஆகியவை சரியாக உள்ளனவா, 185-இன் கீழ் கைது செய்யப்பட்டிருந்தால், கைதான 2 மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும், இல்லையெனில் விடுவிக்க வேண்டும் என்ற 202-ஆம் பிரிவின் நிபந்தனை பின்பற்றப்பட்டதா, 1958-ஆம் ஆண்டு குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தின் பயனைக் கேட்க முடியுமா. இந்தக் கடைசிக் கேள்வி வேலைக்கு நேரடியாகத் தொடர்புடையது. அந்தச் சட்டத்தின் 3 அல்லது 4-ஆம் பிரிவின் கீழ் எச்சரித்தோ நன்னடத்தை உறுதியின் பேரிலோ விடுவிக்கப்பட்டவருக்கு, தண்டனையோடு ஒட்டிவரும் தகுதியிழப்பு ஏற்படாது என்று அதன் 12-ஆம் பிரிவு சொல்கிறது. குடிபோதை வழக்குகளில் நீதிமன்றங்கள் இதை எளிதில் தருவதில்லை; கேட்காதவருக்கு எப்படியும் கிடைக்காது. கிடைத்தாலும் அதை வைத்துப் படிவத்தில் வழக்கையே மறைக்க முடியாது என்பதைப் படி 8-இல் பார்ப்போம்.

படி 3: ஓட்டுநர் உரிமத்தின் நிலையைத் தேதியுடன் குறித்துக்கொள்ளுங்கள்

உரிமத்தின் மீது இரண்டு தனித்தனிக் கைகள் விழலாம். சட்டத்தின் 20-ஆம் பிரிவின்படி, 185-இல் தண்டிக்கும் நீதிமன்றம் குறைந்தது 6 மாதத்துக்குத் தகுதியிழப்பு உத்தரவிட வேண்டும். தனியாக, காவல் அதிகாரி 206-ஆம் பிரிவின் கீழ் உரிமத்தைக் கைப்பற்றி ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்பினால், முதல் குற்றத்துக்கு 3 மாதத் தகுதியிழப்பை அவர் விதிக்கலாம். ஆனால், அதற்கு முன் உங்கள் விளக்கத்தைக் கேட்க வேண்டும் என்பதும், உத்தரவுக்கு எதிராக 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்பதும் சட்டத்திலேயே உள்ளன. காலம் முடிந்ததும் உரிமம் தானாகத் திரும்பிவராது. ஓட்டுநர் புத்தாக்கப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும் என்று 2019 திருத்தம் சேர்த்திருக்கிறது.

தகுதியிழந்த காலத்தில் வண்டியை எடுத்துப் பிடிபட்டால் 182-ஆம் பிரிவில் புதிய வழக்கு, 3 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். விற்பனைப் பிரதிநிதி, மருந்து நிறுவனப் பிரதிநிதி, களப் பொறியாளர், கடன் வசூலிப்பவர் போன்றோர் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள்; ‘பைக் இல்லாமல் டார்கெட்டை எப்படி முடிப்பது’ என்று ஓட்டிக்கொண்டே இருப்பார்கள். முதல் வழக்கை மன்னிக்கத் தயாராக இருக்கும் மேலாளர்கூட, உரிமம் இல்லாதவர் அலுவலக வேலையாக ஓட்டி விபத்து நேர்ந்தால் இழப்பீட்டுப் பொறுப்பு நிறுவனத்தின் தலையில் விழும் என்பதை அறிந்தவுடன் மாறிவிடுவார். ஆகவே அந்த மாதங்களுக்கு உள் அலுவலகப் பணியோ, பேருந்தில் செல்லக்கூடிய பகுதியோ தருமாறு எழுத்தில் கேளுங்கள்.

நிறுவனத்தின் காரை ஓட்டுபவர்களுக்கு இன்னொரு செய்தி. 2007-இல் டெல்லியில் விபத்துக்குள்ளான, ஒரு நிறுவனத்துக்குச் சொந்தமான போர்ஷே கார் தொடர்பான வழக்கில், ஓட்டியவர் குடித்திருந்தார் என்பதால் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுத்தது சரியே என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் தீர்ப்பளித்தது. அதிலும் மூச்சுப் பரிசோதனையோ ரத்தப் பரிசோதனையோ செய்யப்படாத நிலையில். கார் தரும் நிறுவனங்கள் ஓட்டுபவரின் பழைய வழக்கை ஏன் இவ்வளவு கவனமாகக் கேட்கின்றன என்பதற்கு இது போதுமான விளக்கம்.

படி 4: ஓட்டுவதே தொழில் என்றால்

இங்கே பூசி மெழுகுவதில் பயனில்லை. செயலி வழி டாக்சி நிறுவனங்களுக்காக மத்திய அரசு 2020-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள், கடந்த 7 ஆண்டுகளில் மது அல்லது போதைப்பொருள் தாக்கத்தில் ஓட்டித் தண்டனை பெற்றவரைச் சேர்க்கக் கூடாது என்றன. பள்ளி வாகனங்களைப் பொறுத்தவரை, 1997-இல் டெல்லி போக்குவரத்து தொடர்பான பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவுகள் இன்னும் கடுமையானவை: குடிபோதையிலோ அதிவேகத்திலோ ஓட்டியதாக ஒரே ஒரு முறை சலான் பெற்றவரைக்கூடக் கல்வி நிறுவனப் பேருந்தில் ஓட்டுநராக வைக்கக் கூடாது. பெற்றோர் எவரும் அதில் மறுசொல் சொல்லமாட்டார்கள்.

ஏற்கெனவே பணியில் இருக்கும் ஓட்டுநர் பணி நேரத்தில் சிக்கினால் கேள்வி தண்டனையின் அளவைப் பற்றியதாகவே இருக்கும். உத்தரப் பிரதேச ஆயுதப் படையின் லாரியைப் போதையில் ஓட்டி, ஜீப் ஒன்றின் மீது மோதிய ஓட்டுநர் பணிநீக்கம் செய்யப்பட்ட வழக்கில், 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இரண்டு விஷயங்களைச் சேர்த்தே சொன்னது. பெரிய இழப்பு நேரவில்லை என்பது அதிர்ஷ்டமே தவிர, சலுகை காட்டக் காரணம் ஆகாது. அதே நேரத்தில், அவருடைய 25 ஆண்டுப் பணியைக் கருத்தில் கொண்டு பணிநீக்கத்தைக் கட்டாய ஓய்வாக மாற்றலாம். வழக்கு முடிவதற்குள் அவர் இறந்துவிட்டதால் ஓய்வுப் பலன்கள் குடும்பத்துக்குச் சென்றன. ஓட்டுநர்கள் தங்கள் பதில் மனுவில் பணிக்காலத்தையும், முன்பு தண்டனை இல்லாததையும், விபத்தில்லா ஆண்டுகளையும் தவறாமல் குறிப்பிட வேண்டும் என்பதற்கு இந்தத் தீர்ப்பே ஆதாரம்.

படி 5: அரசு ஊழியர் செய்ய வேண்டியவை

அரசு ஊழியருக்குப் பாதுகாப்பும் அதிகம், கண்காணிப்பும் அதிகம். அரசியலமைப்பின் 311-ஆம் பிரிவு, விசாரணையின்றிப் பணிநீக்கம் செய்யக் கூடாது என்கிறது. ஆனால், குற்ற வழக்கில் தண்டனை பெறக் காரணமான நடத்தைக்காகப் பணிநீக்கம் செய்யும்போது அந்த விசாரணை தேவையில்லை என்று அதே பிரிவு விலக்கும் தருகிறது. இந்த விலக்கைப் படித்துவிட்டுப் பதறுகிறவர்கள் 1985-இல் உச்ச நீதிமன்றம் சங்கர் தாஸ் வழக்கில் சொன்னதையும் படிக்க வேண்டும். அந்த அதிகாரத்தை நியாயமாகவே பயன்படுத்த வேண்டும் என்று கூறிய நீதிமன்றம், வண்டி நிறுத்தக் கூடாத இடத்தில் ஸ்கூட்டரை நிறுத்தித் தண்டனை பெற்ற ஊழியரை அதற்காகப் பணிநீக்கம் செய்வது சரியாகாது என்ற பொருளில் உதாரணமும் காட்டியது. குடிபோதை வழக்கு அந்த ஸ்கூட்டரைவிடக் கனமானதுதான். ஆனாலும், தண்டனை குற்றத்துக்கு ஏற்ற அளவில் இருக்க வேண்டும் என்ற வாதம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

நடைமுறையில் வருவது பெரும்பாலும் மெமோ. தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கான ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் 17(ஏ) என்றால் சிறு தண்டனை, 17(பி) என்றால் பெருந்தண்டனைக்கான குற்றச்சாட்டு. 17(பி) நிலுவையில் இருக்கும் வரை பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் சேர்வது தள்ளிப்போகும் என்பதால், இறுதியில் கிடைக்கும் தண்டனையைவிட இந்தக் காத்திருப்பே சிலருக்குப் பெரிய இழப்பாகிவிடுகிறது. 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தால் தற்காலிகப் பணிநீக்கத்தில் (சஸ்பென்ஷன்) வைக்கப்பட்டதாகவே கருதப்படுவார். தனி 185 வழக்கில் இது அரிது, உயிரிழப்பு நேர்ந்த விபத்தில் எளிதில் நேரும். மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகளின் 22-ஆம் விதி பொது இடத்தில் போதையில் காணப்படுவதையே தடை செய்கிறது. ஆகவே ‘அது பணி நேரம் இல்லை’ என்ற பதில் அங்கே முழுமையாகச் செல்லாது.

செய்ய வேண்டியவை சுருக்கமானவை. கைது செய்யப்பட்டிருந்தால் உடனே மேலதிகாரிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். காவல் துறை மூலம் முதலில் அவருக்குத் தகவல் போய்ச் சேருவது தனிக் குற்றச்சாட்டாகவே மாறும். மெமோவில் குறித்த கெடுவுக்குள் பதில் கொடுங்கள். முடியாவிட்டால் கூடுதல் அவகாசம் கேட்டு மனுவாவது கொடுங்கள். தீர்ப்பு நகல், அபராத ரசீது, பணிப்பதிவேட்டில் முன்தண்டனை இல்லை என்ற விவரம் மூன்றையும் பதிலோடு இணையுங்கள்.

படி 6: தனியார் நிறுவனத்தில் இருந்தால்

முதலில் பணி ஒப்பந்தத்தையும், நிறுவனத்தின் நடத்தை விதிகளையும் எடுத்துப் படியுங்கள். சிலவற்றில் ‘எந்தக் குற்ற வழக்கிலும் தண்டனை’ என்றிருக்கும்; சிலவற்றில் ‘ஒழுக்கக்கேடான குற்றம்’ என்றிருக்கும்; சிலவற்றில் வழக்கு வந்தால் இத்தனை நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்றிருக்கும். தொழிற்சாலையானால் நிலையாணைகளை, அதாவது தொழிலாளர்களின் பணி நிபந்தனைகளையும் ஒழுங்கீனங்களையும் வரையறுக்கும் விதிகளைப் பார்க்க வேண்டும். வேலைக்கு வெளியே, வேலையோடு தொடர்பில்லாமல் நடந்ததை நிலையாணையின் கீழ் ஒழுங்கீனமாகக் கொண்டுவர முடியாது என்ற நிலைப்பாட்டை உச்ச நீதிமன்றம் 1983-இல் கிளாக்ஸோ வழக்கில் எடுத்தது. விடுமுறை நாளில் சொந்த வண்டியில் பிடிபட்ட கணக்கருக்கு இது உதவும். நிறுவன வாகனத்திலோ சீருடையிலோ பிடிபட்டவருக்கு உதவாது.

கடைகள், ஐ.டி. நிறுவனங்கள் உள்ளிட்ட அலுவலகங்களில் பணிபுரிவோருக்கு 1947-ஆம் ஆண்டு தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41-ஆம் பிரிவு ஒரு கேடயம். 6 மாதம் தொடர்ந்து பணியாற்றியவரை, நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ இல்லாமல் நீக்கக் கூடாது. ஒழுங்கீனத்தைக் காட்டி நோட்டீஸின்றி நீக்குவதானால் விசாரணை நடத்திச் சாட்சியத்தைப் பதிவு செய்திருக்க வேண்டும். நீக்கத்துக்கு எதிராக மேல்முறையீடும் உண்டு. எனவே ஹெச்.ஆர். அழைத்து, ‘நீங்களே ராஜினாமா கொடுத்துவிட்டால் ரிலீவிங் லெட்டர் சுத்தமாக வரும்’ என்று சொன்னால், அந்த அறையிலேயே கையெழுத்திடாதீர்கள். ராஜினாமா கொடுத்தவருக்கு 41-ஆம் பிரிவின் மேல்முறையீடு எட்டாக்கனி. சில நேரங்களில் ராஜினாமாவே நல்ல முடிவாக இருக்கலாம். அதை வீட்டுக்குப் போய், ஒப்பந்தத்தைப் படித்துவிட்டு எடுக்க வேண்டும்.

படி 7: அலுவலகத்தில் எப்படித் தெரிவிப்பது

விதியோ ஒப்பந்தமோ தெரிவிக்கச் சொன்னால் தெரிவித்தே ஆக வேண்டும். உரிமம் உங்கள் வேலையின் பகுதியாக இருந்தாலும் அப்படியே. இரண்டும் இல்லையென்றால், சொந்த நேரத்தில், சொந்த வண்டியில் நடந்து அபராதத்தோடு முடிந்த வழக்கை அலுவலகம் முழுக்கப் பரப்ப வேண்டிய கடமை யாருக்கும் இல்லை. தெரிவிப்பதானால் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு விட்டுவிடாமல் எழுத்தில் கொடுங்கள். கடிதம் அரைப் பக்கத்தைத் தாண்ட வேண்டாம்; இந்த அளவில் இருந்தால் போதும்:

‘மதிப்பிற்குரிய ஐயா, கடந்த மாதம் பணி நேரம் முடிந்த பின்னர், எனது சொந்த இருசக்கர வாகனத்தை ஓட்டிச் சென்றபோது, மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 185-இன் கீழ் என் மீது வழக்குப் பதிவானது. நீதிமன்றம் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது, அதைச் செலுத்திவிட்டேன். விபத்தோ, எவருக்கும் காயமோ ஏற்படவில்லை. எனது ஓட்டுநர் உரிமம் 6 மாதங்களுக்குச் செல்லாது. அந்தக் காலத்தில் அலுவலகப் பணிக்காக நான் எந்த வாகனத்தையும் ஓட்டமாட்டேன். தீர்ப்பு நகலும் ரசீதும் இணைக்கப்பட்டுள்ளன.’

இதில் மன்றாடலும் இல்லை, காரணக் கதையும் இல்லை. ‘நண்பன் திருமணம், வற்புறுத்தினார்கள்’ என்று தொடங்கும் கடிதங்கள் படிப்பவரின் பொறுமையைத்தான் சோதிக்கும். இன்னொன்று, வழக்கு இன்னும் நிலுவையில் இருந்தால் இந்தக் கடிதத்தில் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் வாசகம் வரக் கூடாது. ‘வழக்குப் பதிவாகியுள்ளது, நிலுவையில் உள்ளது’ என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அலுவலகக் கோப்பில் இருக்கும் கடிதம் பின்னர் எங்கே போய்ச் சேரும் என்பது உங்கள் கையில் இல்லை.

படி 8: விண்ணப்பப் படிவத்தில் கேட்டதற்கு மட்டும், ஆனால் முழுமையாகப் பதில் எழுதுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் படிப்பீர்கள் என்றால், அது இதுவாக இருக்கட்டும். முன்வழக்கை மறைப்பது பற்றிய சட்டத்தை உச்ச நீதிமன்றம் 2016-இல் அவதார் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வில் தொகுத்துச் சொன்னது. தண்டனை, விடுதலை, கைது, நிலுவை வழக்கு ஆகியவை பற்றித் தரும் தகவல் உண்மையாக இருக்க வேண்டும். குற்றம் மிகச் சாதாரணமானதாக இருந்தால், மறைத்ததை வேலை கொடுப்பவர் தன் விருப்புரிமையில் மன்னிக்கலாம். உண்மையைச் சொன்னாலும், நியமிப்பதா இல்லையா என்று பரிசீலிக்கும் உரிமை அவருக்கு இருக்கிறது. படிவம் குறிப்பாகக் கேட்காத ஒன்றைச் சொல்லவில்லை என்பதற்காக மறைத்ததாகக் குற்றஞ்சாட்ட முடியாது.

2021-இல் ராஜஸ்தான் மின்தொடரமைப்பு நிறுவன வழக்கு இதை இன்னும் இறுக்கியது. வழக்கில் தண்டனை பெற்றதைப் படிவத்தில் சொல்லாமல் வேலையில் சேர்ந்தவர், பின்னர் மேல்முறையீட்டில் நன்னடத்தைச் சட்டத்தின் 12-ஆம் பிரிவுப் பயனைப் பெற்றார். இருந்தும் பணிநீக்கம் செல்லும் என்றது நீதிமன்றம். அங்கே எடைபோடப்பட்டது குற்றத்தின் கனம் அல்ல, பணியின் தொடக்கத்திலேயே பொய் சொன்னவரை நம்பலாமா என்பதுதான்.

ஆகவே கேள்வியின் சொற்களை ஒன்றுக்கு இரண்டு முறை படியுங்கள். ‘எப்போதாவது கைது செய்யப்பட்டீர்களா?’ என்பது ஒரு கேள்வி. ‘நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்டீர்களா, அபராதம் விதிக்கப்பட்டதா?’ என்பது வேறு கேள்வி. ‘கடந்த 7 ஆண்டுகளில்’ என்று காலவரம்பு இருந்தால், அதற்கு முந்தையதை எழுத வேண்டியதில்லை. ‘போக்குவரத்து விதிமீறல்கள் தவிர’ என்று இருந்தால் கவனம் தேவை: 185 சிறைத் தண்டனைக்கும் உரிய குற்றம் என்பதால், ஐயம் இருந்தால் எழுதிவிடுவதே பாதுகாப்பு. அரசுத் தேர்வு விண்ணப்பங்களிலும், நியமனத்துக்குப் பின் வரும் சான்றுறுதிப் படிவத்திலும் ஒரே பதில் இருக்க வேண்டும். விண்ணப்பத்தில் ‘இல்லை’, காவல் சரிபார்ப்பில் ‘ஆம்’ என்று வந்தால் அதுவே போதும் சிக்கலுக்கு. ‘ஆம்’ என்று குறித்த கட்டத்தின் அருகில் பிரிவு, நீதிமன்றம், தீர்ப்புத் தேதி, அபராதம் ஆகியவற்றை ஒரே வரியில் எழுதி, ‘விபத்தோ காயமோ இல்லை’ என்பது உண்மையானால் அதையும் சேருங்கள்.

குறிப்பிட்ட ஆண்டுகள் கழிந்தபின் பழைய தண்டனையைச் சொல்ல வேண்டியதில்லை என்று விதிக்கும் பொதுச் சட்டம் இந்தியாவில் வயது வந்தோருக்கு இல்லை. 1996-இல் பவன் குமார் வழக்கில், 2,000 ரூபாய் வரையிலான அபராதத்தோடு முடியும் சிறு குற்றங்கள் அரசு வேலைக்குத் தடையாகாதவாறு நாடாளுமன்றம் வழிசெய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கேட்டுக்கொண்டது. 185-இன் முதல் குற்ற அபராதம் அன்று அதே 2,000 ரூபாய் வரைதான் இருந்தது என்பது கவனிக்கத் தக்கது. இன்று ஐந்து மடங்கு.

படி 9: நேர்காணலில்

கேட்டால் மட்டும், இரண்டு மூன்று வாக்கியங்களில் சொல்லுங்கள்: என்ன நடந்தது, நீதிமன்றம் என்ன செய்தது, அதற்குப் பின் எதை மாற்றிக்கொண்டீர்கள். கேட்பவர் அடுத்த கேள்விக்குப் போனதும் நீங்களும் போய்விடுங்கள்.

படி 10: பாஸ்போர்ட்டும் வெளிநாட்டு வேலையும்

1967-ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டத்தின் 6-ஆம் பிரிவு, ஒழுக்கக்கேடான குற்றத்துக்காகக் கடந்த 5 ஆண்டுகளில் குறைந்தது 2 ஆண்டு சிறைத் தண்டனை பெற்றவருக்குப் பாஸ்போர்ட்டை மறுக்க இடமளிக்கிறது. 185-இல் அபராதம் மட்டும் கட்டியவர் இதற்குள் வரமாட்டார். நிலுவையில் உள்ள வழக்கோ அதே பிரிவில் தனிக் காரணம். அப்போது நீதிமன்ற அனுமதி பெற்று விண்ணப்பிக்க வேண்டியிருக்கும்.

விசாக்களில் நிலை வேறு. அமெரிக்க விசா விண்ணப்பம் தண்டனையோடு கைதையும் கேட்கிறது. கடந்த 5 ஆண்டுகளில் மது தொடர்பான ஒரு கைது அல்லது தண்டனை, அல்லது 10 ஆண்டுகளில் இரண்டு இருந்தால், விண்ணப்பதாரர் மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பப்படுவார். அமெரிக்காவிலேயே பணிபுரிந்துகொண்டிருக்கும்போது குடிபோதையில் ஓட்டிக் கைதானால், தண்டனைக்கு முன்பே விசா ரத்தாகலாம். 2015 முதல் இந்த நடைமுறை உண்டு. கனடா 2018 டிசம்பர் 18 முதல் இக்குற்றத்துக்கான உச்சத் தண்டனையை 10 ஆண்டாக உயர்த்தியதால், அங்கே இது குடியேற்றச் சட்டத்தில் கடும் குற்ற வகைக்குள் வருகிறது. வெளிநாட்டில் நடந்த, அபராதத்தோடு முடிந்த ஒரு தண்டனைகூட நுழைவைத் தடுக்கலாம். தண்டனை முழுவதும் நிறைவேறி 5 ஆண்டு கழித்து, சீர்திருந்தியவராக அங்கீகரிக்கக் கோரி விண்ணப்பிக்க வேண்டும். ஆன்சைட் வாய்ப்பை (வெளிநாட்டு வாடிக்கையாளர் இடத்தில் பணி) எதிர்பார்த்திருக்கும் மென்பொருள் பொறியாளர், உள்ளூர் வேலைக்கு எந்தப் பாதிப்பும் இல்லை என்று நிம்மதியாக இருந்துவிட்டு, பயணத் தேதி குறித்த பின் இதைக் கண்டுபிடிப்பது நிறுவனத்துக்கும் சங்கடம். குடியேற்ற வழக்கறிஞரிடம் நிறுவனம் உங்கள் கோப்பைக் கொடுக்கும் முன்பே தீர்ப்பு நகலைக் கொடுத்துவிடுங்கள்.

படி 11: இரண்டாவது முறை நேர்ந்துவிட்டால்

மேலே சொன்ன கணக்குகள் பலவும் முதல் முறைக்கு உரியவை. 185-இல் ஏற்கெனவே தண்டனை பெற்றவர் அதே பிரிவில் மீண்டும் தண்டிக்கப்பட்டால், உரிமத்தை ரத்து செய்தே ஆக வேண்டும் என்று 22-ஆம் பிரிவு நீதிமன்றத்துக்கு ஆணையிடுகிறது. அதில் விருப்புரிமை இல்லை. ‘ஒரே ஒரு முறை நடந்த தவறு’ என்ற வாதமும் அத்தோடு போய்விடுகிறது. இந்த நிலையில் வேலையைக் காப்பாற்ற எழுதும் பதிலில் மருத்துவச் சான்றைத் தவிர எடையுள்ளது அதிகம் இல்லை. குடிநோய் சிகிச்சையில் சேர்ந்து, அனுமதிச் சீட்டு, மருத்துவரின் குறிப்பு, தொடர் பரிசோதனைத் தேதிகள் ஆகியவற்றைப் பதிலோடு இணைத்து, சிகிச்சைக் காலத்துக்கு மருத்துவ விடுப்பும், அதன் பின் வாகனம் தொடர்பில்லாத பணியும் கேட்டு விண்ணப்பியுங்கள். சிகிச்சையில் சேர்ந்த தேதி குற்றச்சாட்டு மெமோவின் தேதிக்கு முந்தையதாக இருந்தால், விசாரணை அதிகாரி அதைத் தனியாகக் கவனிப்பார்.